விளம்பரம் எந்த மூலையில் எழுகிறது? வீட்டுக் கணினியில் குடியேறிய வேண்டாத நிரல்களை அறிகுறி பார்த்து அகற்றும் வழிமுறை

மட்டக்களப்பு, கல்லடியில் ஒரு வீட்டுக் கணினி. திரையின் வலப்பக்கக் கீழ்மூலையில் நிமிடத்துக்கு ஒரு தடவை "உங்கள் கணினியில் ஐந்து வைரஸ்கள் உள்ளன" என்ற சிவப்பு எழுத்து எழுந்து மறைந்துகொண்டிருந்தது. அந்த வீட்டு அம்மா என்னை அழைப்பதற்கு முன்பே ஒரு கடையில் விசாரித்திருந்தார். "கொண்டு வாருங்கள், ஃபோர்மட் அடித்துத் தருகிறோம்" என்று சொல்லியிருக்கிறார்கள். அதாவது கணினியிலுள்ள எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸை மறுபடி நிறுவுவது. 2004 டிசம்பர் 26 இல் கடல் கொண்டுபோனது போக மிஞ்சிய குடும்பப் படங்கள் அந்தக் கணினியில்தான் இருந்தன. உப்பு நீரில் ஊறிய அல்பத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்து அவருடைய மகன் ஸ்கேன் செய்து வைத்தவை. வேறு எங்கும் பிரதி இல்லை.

கணினியைப் பார்த்தேன். வைரஸ் ஒன்றும் இருக்கவில்லை. யாரோ ஒரு தளத்துக்கு அறிவிப்பு அனுப்ப அனுமதி கொடுத்திருந்தார்கள். அதை நீக்க ஒரு நிமிடம்கூடச் செல்லவில்லை.

அன்றிலிருந்து யார் கணினியைக் கொண்டுவந்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: விளம்பரம் எங்கே தோன்றுகிறது? திரையின் மூலையிலா, குரோம், எட்ஜ் போன்ற உலாவிகளில் ஒன்றில் மட்டுமா, எல்லா உலாவிகளிலுமா, வீட்டிலுள்ள கைத்தொலைபேசிகளிலுமா? அது தோன்றும் இடத்தை வைத்தே அது எங்கே ஒளிந்திருக்கிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். கீழே அந்த ஒழுங்கில்தான் எழுதியிருக்கிறேன். உங்கள் கணினியின் அறிகுறி எதுவோ அந்த இடத்திலிருந்து தொடங்குங்கள். விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும்படி சொல்கிறேன். பட்டியல்களின் பெயர்கள் பதிப்புக்குப் பதிப்பு சற்று மாறலாம்.

எதையும் தொடுவதற்கு முன்

படங்கள், ஆவணங்கள், பிள்ளைகளின் பாடக் குறிப்புகள் ஆகியவற்றை ஒரு வெளி வன்தட்டிலோ பென் டிரைவிலோ பிரதி எடுங்கள். படம், காணொளி, பி.டி.எஃப்., வேர்ட், எக்செல் கோப்புகள் மட்டும் போதும். நிரல்களையும் நிறுவல் கோப்புகளையும் எடுக்காதீர்கள். நோயும் அவற்றோடு சேர்ந்து வந்துவிடும். பிரதி எடுத்ததும் வன்தட்டைக் கழற்றிவிடுங்கள்.

கல்லடி அம்மாவின் படங்களை அன்றைக்கே இரண்டு பிரதிகள் எடுத்தோம். ஒன்று அவருடைய அலுமாரியில் இருக்கிறது. மற்றது வாவிக்கு அப்பால், படுவான்கரையில் அவருடைய தங்கை வீட்டில்.

இன்னொன்று. திருத்தி முடியும்வரை அந்தக் கணினியில் வங்கிக் கணக்கைத் திறக்காதீர்கள், கடவுச்சொல் எதையும் தட்டச்சு செய்யாதீர்கள். மாரி காலத்தில் இந்த வேலையைச் செய்வதென்றால் மின்சாரத்தையும் யோசியுங்கள். யு.பி.எஸ். இல்லாத மேசைக்கணினி, பாதி வேலையில் மின்வெட்டால் அணைந்துபோனால் புதிய கோளாறு ஒன்று சேர்ந்துகொள்ளும்.

அறிகுறி: கீழ்மூலையில் அறிவிப்புகள் எழுகின்றன

எனக்கு வரும் அழைப்புகளில் அதிகமானவை இதுவே. "வைரஸ் பிடித்துவிட்டது", "உங்கள் பாதுகாப்புக் காலாவதியானது", "பரிசு விழுந்திருக்கிறது" என்றெல்லாம் வரும். சில வெட்கப்படும்படியான படங்களோடு வரும்; அதனாலேயே பிள்ளைகள் பெற்றோரிடம் சொல்லப் பயந்து மறைத்துவிடுவார்கள். பிள்ளையை ஏசாதீர்கள். இது எப்படி வருகிறது என்று பார்த்தால் உங்களுக்கே புரியும்.

க.பொ.த. சாதாரண தரத்துக்குப் படிக்கும் பிள்ளை கடந்தகால வினாத்தாள் தேடுகிறது. ஒரு தளம் திறக்கிறது. "நீங்கள் இயந்திரம் அல்ல என்று உறுதிப்படுத்த அலவ் என்பதை அழுத்துங்கள்" என்று கேட்கிறது. பிள்ளை அழுத்துகிறது. உண்மையில் அந்தப் பொத்தான், அறிவிப்பு அனுப்ப அந்தத் தளத்துக்கு வழங்கும் அனுமதி. அதன் பிறகு அந்தத் தளத்தை மூடினாலும் அறிவிப்பு வந்துகொண்டே இருக்கும்.

அறிவிப்பை உற்றுப் பாருங்கள். அதில் சிறிய எழுத்தில் குரோம் அல்லது எட்ஜ் என்ற பெயரும் ஏதோ ஒரு தளத்தின் முகவரியும் இருந்தால் விடயம் இதுதான். அறிவிப்பின்மேல் அழுத்தாதீர்கள். குரோமில் வலப்பக்க மேல்மூலையிலுள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி "செட்டிங்ஸ்" செல்லுங்கள். அங்கே "பிரைவசி அண்ட் செக்யூரிட்டி", அதற்குள் "சைட் செட்டிங்ஸ்", அதற்குள் "நோட்டிபிகேஷன்ஸ்". அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் அங்கே கிடக்கும். உங்களுக்குத் தெரியாத பெயர் ஒவ்வொன்றையும் நீக்குங்கள். பிறகு அதே பக்கத்தின் மேலே, எந்தத் தளமும் அறிவிப்பு அனுப்ப அனுமதி கேட்கக் கூடாது என்ற தெரிவை இட்டுவிடுங்கள். வீட்டுக் கணினிக்கு அறிவிப்பு வந்தே ஆகவேண்டிய தளம் என்று ஒன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. எட்ஜ், பயர்பொக்ஸ் ஆகியவற்றிலும் இதே பட்டியல் தள அனுமதிகள் என்ற பகுதியில் இருக்கிறது. ஆண்ட்ராய்டு கைத்தொலைபேசியில் இதே தொல்லை என்றால் அங்கும் குரோமின் செட்டிங்ஸிலேயே தீர்வு.

இதற்கு மேல் ஒன்றும் செய்யத் தேவையில்லை. ஐயம் தீரவில்லை என்றால், விண்டோஸோடு வரும் டிபென்டர் என்ற வைரஸ் எதிர்ப்பு நிரலால் ஒரு முழுச் சோதனை நடத்தி மனதை ஆற்றிக்கொள்ளுங்கள்.

அறிகுறி: திரை முழுவதும் எச்சரிக்கை, ஒரு தொலைபேசி எண், கூடவே ஒரு குரல்

ஆங்கிலத்தில் ஒரு குரல் கணினி முடக்கப்பட்டுவிட்டதாகச் சொல்லும். மைக்ரோசொப்ட்டின் சின்னம் இருக்கும். அழைக்கச் சொல்லி ஓர் எண் இருக்கும். இது வெறும் இணையப் பக்கம். மைக்ரோசொப்ட்டின் உண்மையான எச்சரிக்கைச் செய்தி எதிலும் தொலைபேசி எண் இராது.

எஸ்கேப் விசையைச் சில விநாடிகள் அழுத்திப் பிடியுங்கள், முழுத்திரை சுருங்கும். சுருங்கவில்லை என்றால் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். உலாவியைத் தெரிந்து "எண்ட் டாஸ்க்" கொடுங்கள். மறுபடி திறக்கும்போது முந்திய பக்கங்களை மீட்கவா என்று உலாவி கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அந்த எண்ணை ஏற்கெனவே அழைத்துவிட்டீர்களா? அவர்கள் சொன்னபடி எனிடெஸ்க் போன்ற தொலைநிலை நிரலை நிறுவி உள்ளே விட்டுவிட்டீர்களா? அப்படியானால் முதலில் இணைய இணைப்பைத் துண்டியுங்கள். அடுத்து வேறொரு தொலைபேசியிலிருந்து உங்கள் வங்கியை அழைத்து அட்டையையும் இணைய வங்கிக் கணக்கையும் நிறுத்தச் சொல்லுங்கள். கணினி அதற்குப் பிறகு. இந்த ஒழுங்கை மாற்ற வேண்டாம்.

அறிகுறி: முகப்புப் பக்கமும் தேடுபொறியும் மாறிவிட்டன

கூகுளில் தேடினால் வேறெங்கோ போகிறது. முகப்புப் பக்கத்தைத் திரும்ப மாற்றினாலும் மறுநாள் பழையபடி வந்துவிடுகிறது. ஒரே உலாவியில் மட்டும் இது நடந்தால் குற்றவாளி பெரும்பாலும் ஒரு நீட்சி, அதாவது எக்ஸ்டென்ஷன்.

மூன்று புள்ளிகளை அழுத்தி "எக்ஸ்டென்ஷன்ஸ்" பகுதிக்குச் செல்லுங்கள். பி.டி.எஃப். மாற்றி, காணொளி இறக்கி, விலைக்கழிவு தேடி, காலநிலை காட்டி என்று நல்ல பெயர்களில்தான் இருக்கும். எது என்று தெரியாவிட்டால் எல்லாவற்றையும் முடக்குங்கள். தொல்லை நின்றால் ஒவ்வொன்றாக இயக்கிப் பாருங்கள். எதை இயக்கியதும் திரும்ப வருகிறதோ அதை அகற்றுங்கள். பிறகு செட்டிங்ஸில் "ரீசெட் செட்டிங்ஸ்" என்பதைக் கொடுத்தால் முகப்புப் பக்கமும் தேடுபொறியும் தொடக்க நிலைக்கு வரும். சேமித்த புத்தகக்குறிகளும் கடவுச்சொற்களும் அழியாது.

மூன்று இடங்களில் இது மறுபடி முளைக்கும். குறுக்குவழியில் ஒன்று: மேசைத்திரையிலுள்ள குரோம் சின்னத்தை வலச்சொடுக்கி "புரொப்பர்டீஸ்" பாருங்கள். "டார்கெட்" என்ற கட்டத்தில், குரோம் நிரலின் பெயரையும் மேற்கோள் குறியையும் தாண்டி ஓர் இணைய முகவரி ஒட்டியிருந்தால் அந்தச் சின்னத்தை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்று செய்யுங்கள். ஒத்திசைவில் இன்னொன்று: அதே கூகுள் கணக்கைப் பாவிக்கும் மற்றக் கணினியில் அந்த நீட்சி இருந்தால் அங்கிருந்து இங்கே திரும்ப வரும், இரண்டிலும் அகற்றினால்தான் தீரும். மூன்றாவதுதான் பொல்லாதது. "ரிமூவ்" பொத்தானே இல்லாமல், இந்த உலாவி உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது என்று எழுதியிருக்கும். பணியிடக் கணினியில் அது இயல்பானது. வீட்டுக் கணினியில் அப்படி இருந்தால் ஏதோ ஒரு நிரல், விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில், குரோம் மீறமுடியாத கட்டளை (கொள்கை) எழுதிவைத்திருக்கிறது என்று பொருள். சில வைரஸ் எதிர்ப்பு நிரல்களும் அப்படி எழுதுவதுண்டு. ஆகவே எதையும் அழிக்க முன் நீங்களாக நிறுவியது ஏதாவது அதற்குக் காரணமா என்று பாருங்கள். ரெஜிஸ்ட்ரியைக் கையால் திருத்துவதைப் பழக்கமில்லாதவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். கீழே சொல்லும் அட்வ்கிளீனர் பெரும்பாலும் அதைத் துப்புரவாக்கிவிடும்.

அறிகுறி: எந்த உலாவியைத் திறந்தாலும், எந்தத் தளத்துக்குப் போனாலும் விளம்பரம்

இப்போது தொல்லை உலாவிக்கு வெளியே, விண்டோஸுக்குள் இருக்கிறது. ஏதோ ஒன்றை நிறுவும்போது அது கூடவே ஏறிவந்திருக்கும்.

நம் பக்கத்தில் இதற்கு ஒரு தனி வழி உண்டு. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். திருமண அழைப்பிதழ், மரண அறிவித்தல், கோவில் திருவிழா நோட்டீசு, சங்கக் கடிதம் என்று எதை அடிப்பதற்கும் இங்கே இன்னமும் பாமினி எழுத்துருதான் கைப்பழக்கம். புதுக் கணினி வாங்கியதும் அந்த எழுத்துருவைத் தேடுகிறார்கள். தேடலில் முதலில் வரும் தளத்தில் பச்சை நிறத்தில் நாலைந்து "டவுன்லோட்" பொத்தான்கள். அதில் ஒன்றை அழுத்தினால் எழுத்துருவுக்குப் பதிலாக ஒரு நிறுவி இறங்குகிறது. அதை ஓடவிட்டால் நெக்ஸ்ட், நெக்ஸ்ட், அக்சப்ட். இடையில் சிறிய எழுத்தில் இன்னும் மூன்று நிரல்களுக்குச் சம்மதம் கேட்டிருக்கும். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்ட கதைதான். யாரும் உடைத்து உள்ளே வரவில்லை, கேட்டுக்கொண்டுதான் வந்திருக்கிறார்கள்.

எழுத்துருக் கோப்பின் பெயர் டி.டி.எஃப். என்று முடியும், அல்லது சிப் பொதியாக இருக்கும். வினாத்தாள் பி.டி.எஃப். என்று முடியும். ஈ.எக்ஸ்.ஈ. என்று முடியும் எதுவும் எழுத்துருவும் அல்ல, வினாத்தாளும் அல்ல. விண்டோஸ் இந்த முடிவெழுத்துகளை மறைத்தே வைத்திருக்கும். பைல் எக்ஸ்ப்ளோரரில் "வியூ" பட்டியலுக்குள் "பைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்" என்பதைத் தெரிந்து இன்றைக்கே வெளிக்காட்டச் செய்யுங்கள். யுனிக்கோட்டில் தமிழ் அடிப்பதற்கென்றால் எதையும் இறக்கவே தேவையில்லை. விண்டோஸ் செட்டிங்ஸில் மொழிப் பகுதியில் தமிழைச் சேர்த்தால் விசைப்பலகையும் வந்துவிடும். வினாத்தாள்களுக்குப் பரீட்சைத் திணைக்களத்தின் தளமும் கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவவும் இருக்கின்றன.

இனி அகற்றும் முறை. செட்டிங்ஸில் "ஆப்ஸ்" பகுதிக்குள் நிறுவிய நிரல்களின் பட்டியலைத் திறந்து, நிறுவிய திகதிப்படி ஒழுங்குபடுத்துங்கள். தொல்லை தொடங்கிய நாள் உங்களுக்கு ஏறக்குறைய நினைவிருக்கும். அந்த நாளில் கூட்டமாக நாலைந்து நிரல்கள் ஏறியிருந்தால் அவைதான். பெயர் தெரியாததை அழிக்க முன் இணையத்தில் அந்தப் பெயரைத் தேடிப் பாருங்கள். ஒலி, அச்சுப்பொறி, இன்டெல், ரியல்டெக் போன்ற பெயர்களோடு இருப்பவற்றை அப்படியே விட்டுவிடுங்கள். நிறுவலை நீக்கும்போதுகூடச் சில நிரல்கள் "உண்மையாகவே வேண்டாமா? இதற்குப் பதில் இன்னொன்று தரவா?" என்று குழப்பிக் கேட்கும். ஒவ்வொரு வரியையும் வாசித்து அழுத்துங்கள்.

அடுத்து அட்வ்கிளீனர். விளம்பர நிரல்களுக்கென்றே எழுதப்பட்ட சிறிய இலவசக் கருவி. மல்வெயார்பைட்ஸ் நிறுவனம் 2016 இல் இதைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. அந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். தேடலில் மேலே "விளம்பரம்" என்ற அடையாளத்தோடு வரும் இணைப்பு வழியே போனால், நோய்க்கு மருந்து என்று நோயையே இறக்கக்கூடும். நிறுவத் தேவையில்லை, ஓடவிட்டால் போதும். சோதித்து முடிந்ததும் கண்டதைப் பட்டியலிடும். வாசித்துப் பார்த்துவிட்டு ஒதுக்கிவைக்கச் சொல்லுங்கள். கணினி மறுபடி தொடங்கும். பிறகு டிபென்டரின் முழுச் சோதனை. டிபென்டரில் "ஆப் அண்ட் பிரவுசர் கன்ட்ரோல்" என்ற பகுதிக்குள் வேண்டாத நிரல்களைத் தடுக்கும் தெரிவு ஒன்று இருக்கிறது. அது இயங்குகிறதா என்றும் பாருங்கள். பல வீடுகளில் அணைந்தே கிடப்பதைக் கண்டிருக்கிறேன்.

இரண்டு வைரஸ் எதிர்ப்பு நிரல்களை ஒரே நேரத்தில் நிரந்தரமாக ஓடவிட வேண்டாம். ஒன்றையொன்று இடறி, கணினியின் வேகத்தைத் தின்றுவிடும்.

புதிதாக வாங்கிய மடிக்கணினியிலும் இது நடக்கலாமா என்று அக்கரைப்பற்றிலிருந்து ஒருவர் கேட்டார். நடந்திருக்கிறது. 2014 இன் பிற்பகுதியில் விற்பனையான லெனோவோவின் சில மடிக்கணினிகளில் சூப்பர்பிஷ் என்ற விளம்பர நிரல் தொழிற்சாலையிலிருந்தே வந்தது. பாதுகாப்பான இணைப்புக்குள்ளும் புகுந்து விளம்பரம் செருகுவதற்காக அது தன் சொந்தச் சான்றிதழ் ஒன்றையும் விண்டோஸில் பதித்திருந்தது. 2015 பெப்ரவரியில் விடயம் வெளிப்பட்ட பிறகு அகற்றும் கருவியை அந்த நிறுவனமே வெளியிட்டது.

அறிகுறி: கணினியில் மட்டுமல்ல, வீட்டிலுள்ள கைத்தொலைபேசிகளிலும்

ஒரு சிறு சோதனை. கைத்தொலைபேசியில் வைபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் அதே தளத்தைத் திறந்து பாருங்கள். தொல்லை நின்றுவிட்டால் நோய், வீட்டுக்கு வைபை தரும் பெட்டியான ரவுட்டரில். கணினியை எத்தனை முறை ஃபோர்மட் செய்தாலும் இது போகாது.

ரவுட்டரில் டி.என்.எஸ். என்றொரு அமைப்பு உண்டு. தளத்தின் பெயரைச் சொன்னால் அது இருக்கும் எண் முகவரியைச் சொல்லும் வழிகாட்டி அது. வழிகாட்டியை மாற்றிவிட்டால் சரியான பெயரைத் தட்டியும் பிழையான வீட்டுக்குப் போய்ச் சேர்வீர்கள். டி.என்.எஸ். சேஞ்சர் என்ற நிரல் உலகெங்கும் இலட்சக்கணக்கான கணினிகளில் இதைச் செய்தது. 2011 நவம்பரில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. அந்தக் கும்பலைப் பிடித்தது.

ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தின் முகவரியும் கடவுச்சொல்லும் அதன் அடிப்பக்க ஒட்டியில் அச்சிடப்பட்டிருக்கும். அந்தத் தொடக்கக் கடவுச்சொல்லை யாரும் மாற்றாமல் விடுவதுதான் இந்த நோய்க்கு வாசல். உள்ளே சென்று டி.என்.எஸ். அமைப்பைத் தானியங்கு நிலைக்கு மாற்றுங்கள், நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுங்கள், மென்பொருள் புதுப்பிப்பு இருந்தால் ஏற்றுங்கள். முடியவில்லை என்றால் சிறு துளைக்குள் ஊசி அழுத்தித் தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுவரலாம். ஆனால் அதற்கு முன் இணைய நிறுவனத்தின் உதவி இலக்கத்தை அழைத்து, பிறகு என்னென்ன அமைப்புகளை மீண்டும் இட வேண்டும் என்று கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். சிம் போடும் ரவுட்டர்களில் அந்த விபரம் இல்லாவிட்டால் வீடு முழுவதும் இணையம் இல்லாமல் போகும்.

அறிகுறி: விசிறி இரைகிறது, கணினி இழுக்கிறது, மாத டேட்டா பத்து நாளில் முடிகிறது

விளம்பரமே இல்லாமல் இந்த மூன்றும் வரும். அவசரப்பட்டு உளவு நிரல் என்று முடிவுகட்டாதீர்கள். செட்டிங்ஸில் இணையப் பகுதிக்குள் "டேட்டா யூசேஜ்" என்ற பக்கம் எந்த நிரல் எவ்வளவு டேட்டா எடுத்தது என்று காட்டும். விண்டோஸ் புதுப்பிப்பும் ஒன்ட்ரைவும்தான் பலமுறை மேலே நிற்கும். அவை குற்றமற்றவை. உங்கள் இணைப்பை "மீட்டர்ட் கனெக்ஷன்" என்று குறித்துவிட்டால் அடங்கும்.

தெரியாத பெயர் மேலே நின்றால்தான் கவலை. இணையத்தில் உங்கள் முகவரியை மறைக்கும் இலவச வி.பி.என். என்று நிறுவியவற்றில் சில, உங்கள் இணைப்பை முன்பின் தெரியாதவர்களுக்கு வாடகைக்கு விடுகின்றன. உங்கள் முகவரியிலிருந்து யார் என்ன செய்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. அவற்றை அகற்றுங்கள்.

விசிறிக்கு: டாஸ்க் மேனேஜரைத் திறந்ததும் இரைச்சல் அடங்கி, மூடியதும் தொடங்குகிறதா? உங்கள் கணினியின் உழைப்பில் பிறருக்குப் பிட்கொயின் போன்ற மின்நாணயம் தோண்டும் களவு நிரல்களில் சில, டாஸ்க் மேனேஜர் திறந்ததைக் கண்டால் பதுங்கிக்கொள்ளும்படி எழுதப்பட்டவை. அதைத் திறந்தபடியே வைத்துவிட்டு டிபென்டரின் சோதனையை நடத்துங்கள்.

அறிகுறி: அகற்றினாலும் மறுநாள் காலை திரும்ப இருக்கிறது

அகற்றியது கிளையை, வேர் தானியங்கித் தொடக்கத்தில் இருக்கிறது. டாஸ்க் மேனேஜரின் "ஸ்டார்ட் அப்" பகுதியில் தேவையற்றதை முடக்குங்கள். பிறகு "டாஸ்க் ஷெட்யூலர்" என்று தேடித் திறந்து, குறித்த நேரத்துக்கு ஓடும்படி யார் என்ன எழுதிவைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். பொருளற்ற எழுத்துக்கோவையைப் பெயராகக் கொண்டு, பயனரின் "ஆப்டேட்டா" கோப்புறையிலிருந்து எதையோ ஓடவிடும் பணியைக் கண்டால் முடக்குங்கள். நன்கு பழகியவர்கள் மைக்ரோசொப்ட்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுதியிலுள்ள ஓட்டோரன்ஸ் கருவியை எடுத்து, மைக்ரோசொப்ட்டின் சொந்தப் பதிவுகளை மறைத்துவிட்டுப் பார்த்தால் மிஞ்சுவது கொஞ்சமாகவே இருக்கும். அழிக்காமல், முதலில் குறியை மட்டும் நீக்குங்கள். தவறினால் திரும்ப இடலாம்.

அதற்கும் அசையவில்லை என்றால் டிபென்டரின் "ஒப்லைன் ஸ்கேன்". விண்டோஸ் முழுமையாக எழும்புவதற்கு முன்பே, ஒளிந்திருப்பது விழித்துக்கொள்வதற்கு முன்பே இது தேடும். ஏறக்குறைய 15 நிமிடம் செல்லும். திறந்திருக்கும் வேலைகளைச் சேமித்துவிட்டுத் தொடங்குங்கள்.

அறிகுறி: வைரஸ் எதிர்ப்பு நிரல் திறக்கவே மறுக்கிறது

இங்கே ஒரு கேள்விக்கு நேர்மையான பதில் வேண்டும். விண்டோஸுக்கோ ஒபிஸுக்கோ களவாக உரிமம் போடும் நிரல் எதையாவது ஓடவிட்டீர்களா, அல்லது கணினியை வாங்கும்போதே போட்டுத் தந்தார்களா? அந்த நிரல்கள் முதலில் கேட்பதே டிபென்டரை அணைக்கச் சொல்லித்தான். வாசல் காவலாளியை அனுப்பிவிட்ட பிறகு எதுவும் வரும். ஆவணம் அடிப்பதற்கு லிப்ரேஒபிஸ் இலவசம், தமிழும் நன்றாக வருகிறது. களவு ஒபிஸுக்காக வங்கிக் கடவுச்சொல்லைப் பணயம் வைக்காதீர்கள்.

வைரஸ் எதிர்ப்பு நிறுவனங்களின் தளங்கள் மட்டும் திறக்காமல் மற்றவை திறந்தால் இரண்டு இடங்களைப் பாருங்கள். இணையச் செட்டிங்ஸில் "புரொக்சி", அதாவது உங்கள் இணையப் போக்குவரத்தை வேறொரு கணினி வழியே அனுப்பும் அமைப்பு: நீங்கள் இடாத முகவரி இருந்தால் அணையுங்கள். மற்றது, தளங்களின் பெயருக்கு முகவரி எழுதிவைக்கும் ஹோஸ்ட்ஸ் என்ற கோப்பு. விண்டோஸ் கோப்புறைக்குள் சிஸ்டம்32, அதற்குள் டிரைவர்ஸ், அதற்குள் ஈ.டி.சி. என்ற கோப்புறையில் இருக்கும். நோட்பேடில் திறந்தால், தொடக்கத்தில் # குறி இட்ட வரிகள் வெறும் விளக்கங்கள். குறி இல்லாமல் வைரஸ் எதிர்ப்பு நிறுவனங்களின் பெயர்கள் அங்கே இருந்தால் அந்த வரிகளை அழிக்க வேண்டும். அதற்கு நோட்பேடை நிர்வாகி உரிமையோடு திறந்திருக்க வேண்டும்.

அறிகுறி: பென் டிரைவில் கோப்புகளுக்குப் பதில் குறுக்குவழிகள்

கொமியூனிகேஷன் கடையில் போட்டோப் பிரதிக்குக் கொடுத்துவிட்டுக் கொண்டுவந்தது. கோப்புகள் அழியவில்லை; மறைக்கப்பட்டிருக்கின்றன. குறுக்குவழி எதையும் திறக்காதீர்கள், திறந்தால் வீட்டுக் கணினிக்கும் தொற்றும். "வியூ" பட்டியலில் மறைந்தவற்றைக் காட்டச் சொல்லுங்கள். "ஒப்ஷன்ஸ்" பகுதியில் பாதுகாக்கப்பட்ட இயங்குதளக் கோப்புகளை மறைக்கும் தெரிவையும் எடுத்துவிடுங்கள். பெயரே இல்லாத ஒரு கோப்புறைக்குள் எல்லாம் இருக்கக் காண்பீர்கள். உங்கள் ஆவணங்களை மட்டும் வெளியே எடுத்து, பென் டிரைவைத் துடைத்துவிடுங்கள். அடுத்த தடவை கடைக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள்.

அறிகுறி: கணினியில் ஒன்றும் தெரியவில்லை, ஆனால் கணக்குகள் களவு போகின்றன

உங்கள் முகநூலிலிருந்து நீங்கள் எழுதாத பதிவு. மின்னஞ்சலில் வேறு நாட்டிலிருந்து நுழைந்ததாக அறிவித்தல். கணினியோ அமைதியாக இருக்கிறது. மேலே சொன்ன அனைத்திலும் நான் அஞ்சுவது இந்த அமைதியைத்தான். விளம்பர நிரல் சத்தம் போட்டுக் காசு பார்க்கும். உளவு நிரல் சத்தமே போடாது.

உலாவியில் சேமித்த கடவுச்சொற்களையும், நீங்கள் ஏற்கெனவே நுழைந்துவிட்டீர்கள் என்று தளத்துக்குக் காட்டும் சிறு பதிவுகளான நுழைவுக் குக்கீகளையும் அள்ளி அனுப்பும் நிரல்கள் இன்று பெருகியிருக்கின்றன. லும்மா என்ற ஒன்று 2025 மார்ச் நடுப்பகுதியிலிருந்து மே நடுப்பகுதி வரையான இரண்டே மாதங்களில் உலகெங்கும் 394,000 க்கு மேற்பட்ட விண்டோஸ் கணினிகளில் இருந்ததாக மைக்ரோசொப்ட் அறிவித்தது. இவை நுழையும் தந்திரங்களில் ஒன்றை வீட்டிலுள்ள எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். "நீங்கள் மனிதர் என்று உறுதிப்படுத்த, விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்துங்கள், பிறகு கன்ட்ரோல் வி, பிறகு என்டர்" என்று ஒரு பக்கம் கேட்கும். அந்த மூன்று அழுத்தல்களில் உங்கள் கையாலேயே நஞ்சை ஓடவிட்டிருப்பீர்கள். எந்த நேர்மையான தளமும் அப்படிக் கேட்காது.

அந்தக் கணினியில் இருந்தபடி கடவுச்சொல்லை மாற்றினால் புதியதும் போய்விடும். நோயில்லாத ஒரு கைத்தொலைபேசியிலிருந்து செய்யுங்கள். முதலில் மின்னஞ்சல், ஏனென்றால் மற்றக் கணக்குகளின் திறவுகோல் அதுதான். அடுத்து வங்கி. அதன் பின் முகநூல், வட்ஸ்அப். ஒவ்வொன்றிலும் "எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு" என்பதைக் கொடுக்க மறக்காதீர்கள். திருடிய குக்கீ இருந்தால் கடவுச்சொல் இல்லாமலேயே உள்ளே இருக்க முடியும். கடவுச்சொல்லோடு தொலைபேசிக்கு வரும் குறியீட்டையும் கேட்பது போன்ற இருபடி உறுதிப்படுத்தலை இயக்குங்கள். பணம் போயிருந்தால் வங்கிக்கும் பொலிஸுக்கும் எழுத்தில் அறிவியுங்கள். 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி இது குற்றம். கணினிப் பாதுகாப்பு முறைப்பாடுகளுக்கென இலங்கை செர்ட் என்ற அரச அமைப்பும் இருக்கிறது.

உளவு நிரலை வைத்தவர் வீட்டுக்குள்ளேயே இருப்பதும் உண்டு. ஒரு பெண் தான் யாரோடு பேசுகிறாள், எங்கே போகிறாள் என்று துணைவனுக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது என்று சொன்னால், நிரலை உடனே அகற்றச் சொல்ல மாட்டேன். அகற்றியதை அவன் அறிந்தால் அவளுக்கு ஆபத்து கூடலாம். வேறொருவரின் தொலைபேசியிலிருந்து 1938 என்ற மகளிர் உதவி இலக்கத்தை அழைத்து, முதலில் பாதுகாப்பைப் பற்றிப் பேசுவதே நல்லது.

திருட்டு நடந்த கணினிக்கு ஃபோர்மட் தேவை. முழுவதும் துடைத்து நிறுவுவதைத் தவிர இங்கே வேறெதையும் நான் நம்புவதில்லை. வேறொரு நல்ல கணினியில் மைக்ரோசொப்ட்டின் தளத்திலிருந்து நிறுவல் பென் டிரைவ் தயாரித்து, அதிலிருந்து தொடங்கிப் பழைய பகுதிகளை அழித்துவிட்டு நிறுவுங்கள். விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியோடு முடிந்தது. கணினி தாங்குமென்றால் இந்தத் தருணத்திலேயே 11 இற்குப் போங்கள். உரிமம் பெரும்பாலும் கணினியோடு ஒட்டியிருப்பதால் இணையம் கிடைத்ததும் தானாக உயிர்பெறும்.

நிறுவி முடிந்ததும் முதலில் புதுப்பிப்புகள், பிறகு டிபென்டர் இயங்குகிறதா என்ற பார்வை. அதற்குப் பிறகுதான் அலுமாரியிலிருக்கும் வன்தட்டைச் செருக வேண்டும். அதைச் சோதித்துவிட்டுப் படங்களையும் ஆவணங்களையும் பிரதி எடுங்கள். இடையில் ஈ.எக்ஸ்.ஈ. என்று முடியும் கோப்பு எதையாவது கண்டால், அது எவ்வளவு பழக்கமான பெயரோடு இருந்தாலும் அங்கேயே அழித்துவிடுங்கள்.